கொள்ளிடத்தைக் கட்டிய காட்டன்



திருமழபாடிக் கோயில் படித்துறையில் நின்று பார்த்தால் கோடையில் மணல்தான் தெரியும். ஆடி, ஆவணியில் வெள்ளம் வந்தால் அதே கொள்ளிடம் ஆளை மிரட்டும். இந்த ஆற்றுக்கு நம்ம ஊருக்கு மேலே முக்கொம்பில் ஓர் அணை, கீழே அணைக்கரையில் ஓர் அணை. இரண்டுக்கும் காரணமானவர் ஆர்தர் காட்டன்.

1803-இல் இங்கிலாந்தில் பிறந்து, 18 வயதில் சென்னை வந்து இறங்கிய கம்பெனிப் பட்டாளத்துப் பொறியாளர் அவர். அப்போது காவிரி மேடுதட்டிக் கொண்டே போக, தண்ணீரெல்லாம் பள்ளமான கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. கம்பெனிக்கு வரி குறைந்தது. அவர்கள் கவலை அதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடியில் பாறையே இல்லாத மணலில் அணை நிற்குமா? காட்டன் கல்லணையைப் போய்ப் பார்த்தார். கரிகாலன் காலத்து ஆட்கள் மணலில் கல்லை இறக்கி நிறுத்திய வித்தையை அவர்களிடமிருந்தே கற்றதாகப் பிற்காலத்தில் மனம் திறந்து ஒப்புக்கொண்டார். (பட்டம் படித்தவர் எத்தனை பேர் இப்படி ஒப்புக்கொள்வார்கள்?) மணலில் கிணறுகள் இறக்கி, அவற்றின் மேல் சுவர் எழுப்பினார். 1836-இல் மேலணை, கீழணை இரண்டும் முடிந்தன.

முடிந்ததும் அடுத்த தலைவலி. இப்போது காவிரிக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் பாய்ந்து, அதன் தரையையே அரிக்க ஆரம்பித்தது. காவிரித் தலைப்பிலும் குறுக்கே தளமட்டத்துக்கு ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று; 1845 வாக்கில்தான் அது முடிந்தது. ஆக, சுவர் எழும்பியதோடு வேலை தீரவில்லை. இதைப் படித்த பிறகுதான் நம்ம புராஜெக்ட் ஒர்க் எனக்குக் கொஞ்சம் பயமாகத் தெரிந்தது!

அதற்குப் பின் காட்டன் வேறு ஆளாகிவிட்டார். பஞ்சத்தில் அடிபட்ட கோதாவரிப் பகுதியைச் சுற்றிப் பார்த்து 1844-இல் அறிக்கை எழுதினார். பணம் கேட்டு மேலிடத்தோடு மல்லுக்கு நின்றார். 1847 முதல் 1852 வரை தவளேசுவரத்தில் ஆயிரக்கணக்கான கூலியாட்களை வைத்து அணையை முடித்தார். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கிருஷ்ணாவில் அணை கட்டும் பொறுப்பு ஆர் என்ற அதிகாரி கைக்குப் போனது. அது 1855-இல் முடிந்தது. 1861-இல் காட்டனுக்கு சர் பட்டம் கிடைத்தது.

ஊருக்குத் திரும்பியும் சும்மா இருக்கவில்லை. இந்தியாவுக்கு ரயிலை விடக் கால்வாய்தான் முக்கியம் என்று வாதாடினார். 1878-இல் பாராளுமன்றக் குழு முன் 75 வயதில் நின்று பதில் சொன்னார். ரயில் விஷயத்தில் அவர் ஒரேயடியாகப் பேசினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1899-இல், 96 வயதில் காலமானார்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடப் பக்கத்து 9 மதகுகள் வெள்ளத்தில் இடிந்தன. அதன் அருகிலேயே புதிய கதவணை கட்டினார்கள். அணைக்கரையில் கீழணை இன்னும் தண்ணீரைத் தேக்கி, வடவாறு வழியாக வீராணத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.