வாதாட அனுமதி இல்லை... ஆனா 600 பேருக்குத் துணை நின்றார்! யார் இந்த கார்னெலியா சொராப்ஜி?

சட்டம் படிச்சாச்சு, பரீட்சையும் எழுதியாச்சு. ஆனா கோர்ட்டில் வக்கீலாக நிற்க முடியாது. காரணம், அவர் ஒரு பெண். அந்த நிலையிலும், தனக்காகப் பேச முடியாத குழந்தைகளுக்காகப் பேசியவர்தான் கார்னெலியா சொராப்ஜி.

யார் இவர்?

1866 நவம்பர் 15-ல் நாசிக்கில் பிறந்தார். பம்பாய் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி. இங்கிலாந்து சென்று படிக்க அரசு உதவித்தொகை கேட்டார், பெண் என்பதால் மறுத்துவிட்டார்கள். அங்கிருந்த சிலர் பணம் திரட்டித் தர, 1889-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தார். அங்கு சட்டம் படித்த முதல் பெண் இவர்தான். 1892-ல் தேர்வு எழுதினார். பட்டம் கைக்கு வந்தது எப்போ தெரியுமா? 30 வருஷம் கழித்து, 1922-ல்!

குழந்தைகளுக்கு என்ன ஆபத்து?

அன்றைய வங்காளத்தில் ஒரு ஜமீன்தார் இறந்து, வாரிசு மைனராக இருந்தால், சொத்தை 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' என்ற அரசு அமைப்பு நிர்வகிக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் குழந்தையும் விதவைத் தாயும் இருப்பது அந்தப்புரத்தில். வெளி ஆண்களை அந்தத் தாய் பார்க்கவும் கூடாது, பேசவும் கூடாது. அப்போ அதிகாரிக்கு விஷயம் யார் மூலமாகப் போகும்? பெரும்பாலும் சொத்தின் மேல் கண் வைத்த பங்காளிகள், கணக்குப் பிள்ளைகள் மூலமாகத்தான். அந்தக் குழந்தைக்கு யாரும் தீங்கு செய்தாலும் வெளியே தெரியாது.

கார்னெலியா என்ன செய்தார்?

இந்தப் பெண்களுக்கு ஒரு பெண் சட்ட ஆலோசகர் வேண்டும் என்று 1902 முதல் அரசிடம் வலியுறுத்தினார். 1904-ல் அந்தப் பொறுப்பு அவருக்கே வந்தது. வங்காளம், பீகார், ஒடிசா, அசாம் என்று அலைந்தார். அந்தப்புரத்துக்குள்ளேயே போய்த் தாயிடம் பேசினார், குழந்தையை நேரில் பார்த்தார். படிப்பு, உடல்நலம், ஜீவனாம்சம், சொத்து என எல்லாவற்றையும் எழுதி அதிகாரிகள் முன் வைத்தார். சுமார் 20 ஆண்டுகளில் அவர் உதவிய பெண்களும் குழந்தைகளும் 600-க்கும் மேல். சிலருக்குக் காசே வாங்கவில்லை.

வக்கீல் ஆனாரா?

பெண்களும் வக்கீலாகலாம் என்ற சட்டம் 1923-ல் வந்தது. அடுத்த ஆண்டே கல்கத்தாவில் தொழில் தொடங்கினார். அப்போது வயது 57. அங்கும் பாகுபாடு விடவில்லை. 1929-ல் ஓய்வு பெற்று லண்டனில் குடியேறினார். 1954-ல் காலமானார்.

பிரிட்டிஷ் ஆட்சியை ஆதரித்தவர், காந்தியை எதிர்த்தவர் என்ற விமர்சனமும் இவர் மீது உண்டு.

இன்று?

போக்சோ வழக்குகளில் குழந்தையோடு விசாரணை முடியும்வரை கூடவே இருக்க, 'ஆதரவு நபர்' ஒருவரை குழந்தைகள் நலக் குழு நியமிக்க முடியும். கார்னெலியா அந்தப்புரங்களுக்குப் போய்ச் செய்ததும் கிட்டத்தட்ட இதைத்தான். உங்களுக்குத் தெரிந்த ஒரு குழந்தை ஆபத்தில் இருந்தால், அழைக்க வேண்டிய எண் 1098.