யாருக்கு முதல் சிகிச்சை? போர்க்களத்தில் விதியை மாற்றிய நெப்போலியனின் டாக்டர்!

ஒரு பெரிய விபத்து. ஒரே நேரத்தில் பத்து பேர் எமர்ஜென்சி வார்டுக்கு வருகிறார்கள். யாரை முதலில் பார்ப்பது? நர்சிங் மாணவர்களைக் கேட்டால் டக்கென பதில் வரும். சிவப்பு டேக் முதலில், அடுத்து மஞ்சள், அப்புறம்தான் பச்சை. வலி தாங்காமல் கத்துகிறவர் பச்சையாக இருக்கலாம். சத்தமே இல்லாமல் கிடப்பவர் சிவப்பாக இருக்கலாம். ட்ரையாஜ் எனப்படும் இந்த முறைக்கு அடித்தளம் போட்டவராகக் கருதப்படுபவர் டொமினிக் ழான் லாரே. நெப்போலியன் படையின் அறுவை சிகிச்சை நிபுணர்.

1766-ல் பிரான்ஸின் பிரனீஸ் மலைப்பகுதி கிராமம் ஒன்றில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். 13 வயதிலேயே ஆதரவில்லாமல் நின்றவரை, துலூஸ் நகரில் டாக்டராக இருந்த சித்தப்பா வளர்த்துத் தொழிலும் கற்றுக்கொடுத்தார். பிறகு பாரிஸ், கொஞ்ச காலம் கடற்படை. கப்பல் பயணம் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை.

கதை சூடுபிடிப்பது 1792-ல், ரைன் நதிப் படையில் அவர் சேர்ந்த பிறகுதான். அப்போதைய ராணுவ விதிப்படி, மருத்துவ வண்டிகள் சண்டை நடக்கும் இடத்துக்கு சுமார் 4 கி.மீ. பின்னால்தான் நிற்க வேண்டும். சண்டை ஓய்ந்த பிறகுதான் காயம்பட்டவர்களைத் தூக்க வருவார்கள். அதற்குள் ஒரு நாள் ஆகிவிடும், சில சமயம் ஒன்றரை நாள்கூட. காலில் குண்டு பாய்ந்தவர் அதுவரை ரத்தம் வழிய அங்கேயே கிடக்க வேண்டியதுதான். பிழைத்திருக்க வேண்டிய பலர் இந்தக் காத்திருப்பிலேயே செத்துப்போனார்கள்.

அதே களத்தில் குதிரைகள் இழுக்கும் பீரங்கிகள் மின்னல் வேகத்தில் இடம் மாறுவதை லாரே கவனித்தார். பீரங்கி இவ்வளவு வேகமாக ஓடும்போது டாக்டர் ஏன் ஓடக்கூடாது? அப்படிப் பிறந்ததுதான் ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’. இரண்டு குதிரைகள் இழுக்கும் லேசான வண்டி. குலுங்காமலிருக்க ஸ்பிரிங், உள்ளே இருவர் படுக்க இடம், உருளைகளில் சறுக்கி வெளியே வரும் படுக்கை. இன்றைய ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சரை இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதேதான். 1797-ல் இத்தாலியில் இதற்காகவே 340 பேர் கொண்ட தனிப் பிரிவை அமைத்தார். அடுத்த ஆண்டு எகிப்து போனபோது மணலில் வண்டி ஓடாது என்பதால் ஒட்டகங்களின் இரு பக்கமும் பெட்டிகளைக் கட்டி ஆட்களை ஏற்றினார்.

வண்டியைவிட முக்கியமானது, அதில் டாக்டரும் போனார் என்பது. ரத்தப்போக்கை அங்கேயே நிறுத்து, கட்டுப் போடு, பிறகு தூக்கு. முதலுதவியின் பாலபாடம் இன்றும் இதுதானே.

சரி, வண்டி வந்துவிட்டது. யாரை முதலில் ஏற்றுவது? அதிகாரிகளுக்கு முன்னுரிமை கொடுத்துப் பழகிய படை அது. லாரே அதை ஏற்கவில்லை. யாருக்குக் காயம் ஆபத்தானதோ அவருக்கே முதலிடம். பதவி, நாடு எதுவும் கணக்கில் வராது. எதிரி வீரனுக்கும் இதே விதி.

கை, கால் சிதைந்தவர்களுக்கு உடனே அறுவை சிகிச்சை செய்வதா, காத்திருப்பதா என்று டாக்டர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த காலம். முதல் 24 மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும் என்பது லாரேயின் கட்சி. 1812-ல் ரஷ்யாவின் பொரோடினோ போரில் ஒரே நாளில் சுமார் 200 பேருக்குக் கை, கால்களை அகற்றினார். நினைவில் வையுங்கள், அப்போது மயக்க மருந்தே கிடையாது.

அவர் சொன்ன எல்லாமே சரியும் இல்லை. கடுங்குளிரில் உறைந்த கை, கால்களைப் பனியால் தேய்க்கச் சொன்னார். நீண்ட காலம் பலர் இதைப் பின்பற்றினார்கள். அப்படித் தேய்த்தால் திசு இன்னும் சேதமாகும் என்பது இப்போது தெளிவு. 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான நீரில் வைப்பதே இன்றைய முறை. ஆனால் உறைந்த காலை நெருப்பில் காட்டக்கூடாது என்று எச்சரித்தாரே, அது இன்றும் செல்லும்.

லாரேயின் துணிச்சல் உண்மையில் தெரிந்தது 1813-ல். பௌட்சன் போருக்குப் பிறகு 2,600-க்கும் மேற்பட்ட இளம் வீரர்கள் கையில் காயத்தோடு வந்தார்கள். போரிலிருந்து தப்பிக்கத் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள் என்று தளபதிகள் குற்றம்சாட்டினார்கள். நிரூபணமானால் மரண தண்டனை. நெப்போலியனும் அதை நம்பத் தொடங்கியிருந்தார். லாரே காயங்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். பயிற்சி போதாத வீரர்கள் வரிசை வரிசையாக நின்று சுட்டதில், பின்வரிசைக் குண்டுகள் முன்னால் நின்றவர்களின் கைகளில் பாய்ந்திருந்தன. பேரரசர் எதிர்பார்த்த பதில் இதுவல்ல. ஆனாலும் அதையே அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். அத்தனை பேரும் தப்பினார்கள். நெப்போலியன் கோபப்படவில்லை, பாராட்டினார்.

வீரர்கள் அந்தக் கடனை முன்பே ஒருமுறை கொடுத்துவிட்டார்கள் எனலாம். ரஷ்யாவிலிருந்து பின்வாங்கியபோது பெரெசினா ஆற்றுப் பாலத்தில் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடினார்கள். அந்த நெரிசலிலும் லாரேயை அடையாளம் கண்டு, தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி அக்கரை சேர்த்தார்கள்.

1815, வாட்டர்லூ. பிரஷ்யப் படையிடம் சிக்கினார், சுட்டுக்கொல்ல உத்தரவு. கடைசி நேரத்தில் அவரிடம் பாடம் கேட்ட பிரஷ்ய டாக்டர் ஒருவர் அடையாளம் கண்டுகொண்டதால் தப்பினார் என்று சொல்லப்படுகிறது. நெப்போலியன் தன் உயிலில் அவருக்கு 1 லட்சம் பிராங்க் எழுதிவைத்தார்.

1842 ஜூலையில் அல்ஜீரியாவிலிருந்து திரும்பும் வழியில் லியோன் நகரில் லாரே இறந்தார். பழைய போர்வீரர்கள் வாழ்ந்த பாரிஸின் இன்வாலிட் வளாகத்தில் புதைக்கப்பட வேண்டும் என்பது அவர் ஆசை. அரசு மறுத்துவிட்டது, பெர் லஷேஸ் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். 150 ஆண்டுகள் கழித்து, 1992-ல்தான் அவரது உடல் எச்சங்கள் இன்வாலிடுக்குக் கொண்டுவரப்பட்டன.