முன்ஷி அப்துல்லாவின் கடற்பயணம்

ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில் மெர்சிங் நகரம் அமைந்துள்ளது. விடுமுறைக் காலம் வந்துவிட்டால் அங்குள்ள படகுத்துறையில் மக்கள் கூட்டம் நிறைந்திருக்கும். தீங்கி, பெசார், ரவா, பெமாங்கில், அவுர் ஆகிய தீவுகளுக்கும் பகாங்கைச் சேர்ந்த தியோமான் தீவுக்கும் அங்கிருந்து படகுகள் செல்கின்றன. சில குடும்பத்தினர் தனிப் படகையே வாடகைக்கு அமர்த்திக்கொள்வர். புறப்படுவதற்கு முன்னர் அவர்கள் சிலவற்றைச் சிந்தித்தே ஆகவேண்டும். கடல் அமைதியாக இருக்குமா? படகு உறுதியானதா? உடன் வருபவர்கள் வழி அறிந்தவர்களா? இக்கேள்விகள் இன்று தோன்றியவை அல்ல. 1838ஆம் ஆண்டில் இதே கடல் வழியே பாய்க்கப்பலில் சென்ற ஒருவரும் இவற்றை எதிர்கொண்டார். அவர் விடுமுறைக்காகச் செல்லவில்லை. ஆயினும், அப்பயணம் மலாய் இலக்கியத்துக்கு ஒரு புதிய வழியைத் திறந்துவிட்டது. அவரே முன்ஷி அப்துல்லா.

அப்துல்லா பின் அப்துல் காதிர் 1796ஆம் ஆண்டில் மலாக்காவில் பிறந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா ஏமன் நாட்டைச் சேர்ந்த அரேபியர். கிழக்கு நோக்கிக் கப்பலேறிய அவர், தமிழகத்தின் நாகூரில் தங்கிச் சமயக் கல்வியைக் கற்பித்தார். அங்கேயே திருமணமும் செய்துகொண்டார். அவருடைய மகன் பின்னர் மலாக்காவுக்கு வந்து குடியேறினார். இவ்வாறு அரேபிய வேரும் தமிழ்க் கிளையும் மலாய் மண்ணும் அப்துல்லாவின் குடும்பத்தில் ஒன்றுகூடின. அவருக்கு முன் பிறந்த நான்கு குழந்தைகளும் சிறு வயதிலேயே இறந்துவிட்டதால், பெற்றோர் அவரைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தனர்.

சிறுவனாக இருந்தபோது அப்துல்லா முதலில் குர்ஆன் ஓதக் கற்றார். அதன்பின், தந்தை அவரைத் தமிழ் ஆசிரியரிடம் அனுப்பினார். அக்காலத்தில் மலாக்காவின் வணிகத்தில் இந்திய வணிகர்களுக்குப் பெரும்பங்கு இருந்தது. கணக்கு எழுதவும் கடிதம் வரையவும் பேரம் பேசவும் தமிழ் தேவைப்பட்டது. ஆகவே, வசதியுள்ள குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழைக் கற்பிப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தன. அப்துல்லா ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் தமிழ் பயின்றார். பிறகு தந்தையின் கண்டிப்பான மேற்பார்வையில் மலாய் மொழியைப் பிழையற எழுதப் பழகினார். மலாக்காக் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களோடு பழகி இந்துஸ்தானியையும் கற்றுக்கொண்டார். அவர்களுக்கு இவர் பாடம் சொல்லிக் கொடுத்தமையால், அவர்கள் இவரை ஆசிரியர் என்னும் பொருளில் முன்ஷி என்று அழைத்தனர். அப்பெயரே இறுதிவரை நிலைத்துவிட்டது.

ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் ஜாவாவின் மீது படையெடுக்க ஆயத்தமாகி மலாக்காவில் தங்கியிருந்த காலத்தில், இளைஞரான அப்துல்லா அவரிடம் எழுத்தராகப் பணியாற்றினார். மலாய் அரசர்களுக்கு அனுப்பும் கடிதங்களையும் பழைய சுவடிகளையும் படியெடுப்பது அவருடைய வேலையாகும். ராபிள்ஸ் திரட்டிய சுவடிகள் பின்னாளில் ஒரு பெருந்துயருக்கு ஆளாயின. 1824ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட கப்பல் சுமத்ராவின் பெங்கூலு அருகே தீப்பிடித்தது. உயிர்கள் தப்பின, சுவடிகள் சாம்பலாயின. அச்செய்தியைக் கேட்டு அப்துல்லா மிகவும் மனம் வருந்தினார். ஒரே ஒரு படியாக இருக்கும் நூல் எவ்வளவு எளிதில் அழிந்துவிடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் கிறித்துவச் சமயப் பரப்பாளர்கள் நடத்திய அச்சுக்கூடங்களில் அவர் தொழில் கற்றார். இஸ்லாத்தில் உறுதியாக இருந்துகொண்டே, அவர்களுக்கு மலாய் மொழியையும் கற்பித்தார்.

1838ஆம் ஆண்டில் அவரைத் தேடி ஒரு கடினமான பணி வந்தது. கிளந்தானில் அரச குடும்பத்தினரிடையே போர் மூண்டிருந்தது. அதனால், சிங்கப்பூர் வணிகர்களுக்கு உரிய சரக்குகள் அங்கே சிக்கிக்கொண்டன. அவற்றை மீட்டுவர இரண்டு சிறு பாய்க்கப்பல்கள் ஆயத்தம் செய்யப்பட்டன. ஒன்றின் பெயர் மேகி லோடர். மற்றொன்றின் பெயர் வாட்டர்விச். கிளந்தான் அரசரிடம் கடிதத்தைக் கொடுத்து முறைப்படி பேசுவதற்கு, மலாய் மொழியும் அரண்மனை வழக்கமும் அறிந்த ஒருவர் தேவைப்பட்டார். அப்பொறுப்பு அப்துல்லாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது.

அக்காலக் கடற்பயணத்தில் முதலில் பார்க்கவேண்டியது பருவம். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று கடுமையாக வீசும். அலைகள் உயர்ந்து ஆற்று முகத்துவாரங்களை அடைத்துவிடும். வடக்கு நோக்கிச் செல்லும் பாய்க்கப்பல் எதிர்க்காற்றில் திணறும். மார்ச் மாத இறுதியில் இக்காற்று தணிந்துவிடும். அப்துல்லாவின் குழுவினர் மார்ச் 27ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டனர். காலம் தாழ்த்தினால் தென்மேற்குக் காற்று வலுக்கும். அது பயணிகளுக்கு மட்டும் துணை நிற்பதில்லை. அக்காற்றோடு கடற்கொள்ளையரும் வலம் வருவர்.

கடற்கொள்ளையரைப் பற்றிய அச்சம் கற்பனையன்று. தெற்குப் பிலிப்பீன்ஸ் பகுதியிலிருந்து இலானுன் என்னும் கூட்டத்தினர் பெரும் படகுகளில் வந்து வணிகக் கலங்களைத் தாக்கினர். பொருள்களைக் கவர்ந்ததோடு மனிதர்களையும் பிடித்துச் சென்று அடிமைகளாக விற்றனர். அதே ஆண்டில் திரங்கானுக் கடற்பகுதியில் டயானா என்னும் நீராவிக் கப்பலும் ஆங்கிலேயப் போர்க்கப்பலும் சேர்ந்து இலானுன் படகுகளோடு போரிட்டன. ஆகவே, கடல் வழியே செல்வோர் கொடுமையான முடிவுக்கும் மனத்தைத் தயார் செய்துகொண்டே கப்பலேற வேண்டியிருந்தது.

சிங்கப்பூரை விட்டு நீங்கி வடக்கே திரும்பும் கலங்களுக்கு இடப்புறம் தெரிவது ஜொகூர்க் கரையாகும். பெங்கெராங் முனையைக் கடந்தால் நீண்ட மணற்கரையும் அடர்ந்த காடும் தொடர்கின்றன. அதன்பின் செடிலி ஆற்றின் முகத்துவாரம் வரும். அதற்கு வடக்கே சீபு, தீங்கி முதலிய தீவுகள் கடலிலிருந்து மலைகளாக எழுந்து நிற்கும். இன்று ஜொகூர் பாரு என வழங்கும் நகரம் அந்நாளில் தோன்றவே இல்லை. 1855ஆம் ஆண்டில்தான் அதற்கு அடித்தளம் இடப்பட்டது. கிழக்குக் கரையில் மக்கள் மிகக் குறைவாகவே வாழ்ந்தனர். இன்று பவளப்பாறைகளையும் வெண்மணலையும் காண்பதற்காகப் பயணிகள் நாடிச் செல்லும் தீவுகள், அன்றைய மாலுமிகளுக்கு வேறு வகையில் தோன்றின. அவை புயலில் ஒதுங்க இடமளித்தன, குடிநீர் தந்தன. அதே வேளையில், அவற்றின் மறைவில் கொள்ளையர் காத்திருக்கவும் கூடும். நண்பனையும் பகைவனையும் ஒரே தீவு மறைத்து வைத்திருந்தது.

குழுவினர் பகாங்கை அடைந்தபோது அப்துல்லா கரையிறங்கி ஊரைச் சுற்றிப் பார்த்தார். நீண்ட ஆறும் வளமான மண்ணும் உள்நாட்டில் தங்கமும் இருந்தும் மக்கள் வறுமையில் வாடுவது அவருக்கு வியப்பளித்தது. அதன் காரணத்தை அவர் மக்களிடமே கேட்டறிந்தார். ஒருவர் நல்ல வீட்டைக் கட்டினாலோ தோட்டம் போட்டாலோ அதிகாரம் படைத்தவர்கள் அதைப் பறித்துக்கொள்வார்கள் என்ற அச்சம் நிலவியது. உழைப்பின் பயன் தனக்குக் கிடைக்காது என்று தெரிந்த பிறகு எவரும் மனமுவந்து உழைப்பதில்லை என்பதை அவர் புரிந்துகொண்டார். திரங்கானுவில் வளைந்து நெளிந்த தெருக்களையும் வீடுகளின் அடியில் தேங்கிய குப்பையையும் கண்டு வருந்தினார். மக்களின் உடை, சந்தை, உணவு, பேச்சு வழக்கு என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

கிளந்தானை அடைந்தபோது போர் இன்னும் ஓயவில்லை. அந்நிலையிலும் கடிதத்தை உரிய இடத்தில் சேர்க்கவேண்டிய கடமை அவர்களுக்கு இருந்தது. அப்துல்லா வீரர் அல்லர், எழுத்தர். தமது அச்சத்தை அவர் எங்கும் மறைக்கவில்லை. எனினும், ஒப்புக்கொண்ட பணியைக் கைவிடாமல் கடிதத்தோடு கரையேறினார். போர் நடக்கும் ஊரில் அவரிடம் இருந்த ஆயுதம் பணிவான சொல்லே ஆகும். அங்கிருந்து அவர் நலமாகச் சிங்கப்பூருக்குத் திரும்பினார்.

பயணக் குறிப்புகளைக் கொண்டு அவர் எழுதிய கிளந்தான் பயண நூல் அதே 1838ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அச்சேறியது. அதுவரை மலாய் இலக்கியத்தில் அரசர்களின் வரலாறும் வியப்பூட்டும் கதைகளுமே மிகுதியாக இருந்தன. சாதாரண மனிதர் ஒருவர் தம் கண்ணால் கண்டதைத் தம் பெயரிலேயே எழுதுவது புதுமையாக இருந்தது. ஆட்சியாளர்கள் நீதியோடு நடக்க வேண்டும், பிள்ளைகள் தாய்மொழியை முறையாகக் கற்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அவர் ஆங்கிலேயரை அளவுக்கு மேல் போற்றினார் என்றும் மலாய் மக்களைக் கடுமையாகக் குறை கூறினார் என்றும் பிற்கால அறிஞர்கள் சிலர் கருதுகின்றனர். அக்கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், எளிய மக்களின் துன்பத்துக்குக் காரணம் தேடியவர் என்னும் பெருமை அவருக்கு என்றும் உண்டு.

1840ஆம் ஆண்டில் அவர் தமது வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கினார். ஹிக்காயாட் அப்துல்லா என்னும் அந்நூல் 1849ஆம் ஆண்டில் அச்சாகி வெளிவந்தது. கப்பல் தீயில் எரிந்துபோன சுவடிகளைப் போலன்றி, அது பல படிகளாகப் பரவி நிலைத்தது. இதனால் அவர் நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார். 1854ஆம் ஆண்டில் மக்காவுக்குப் புனிதப் பயணம் மேற்கொண்டு மீண்டும் கப்பலேறினார். வழியில் கண்டவற்றையும் எழுதிக்கொண்டே சென்றார். ஆனால், அப்பயணத்திலிருந்து அவர் திரும்பி வரவில்லை. அரேபிய மண்ணிலேயே காலமானார். எழுதி முடிக்காத அந்தக் குறிப்புகள் மட்டுமே எஞ்சின.

அப்துல்லாவின் எழுதுகோல் அவரோடு ஓய்ந்துவிடவில்லை. அவருடைய மகன் முகம்மது இப்ராகிம் முன்ஷி ஜொகூர் அரசின் பணியில் சேர்ந்தார். ஆட்சியாளர் அபு பக்காரின் காலத்தில் உயர் பொறுப்புகளை வகித்து, டத்தோ பெந்தாரா டாலாம் என்னும் பட்டத்தையும் பெற்றார். 1870ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மேற்குக் கரைப் பகுதிகளுக்குச் சென்று, தந்தையைப் போலவே பயண நூலையும் எழுதினார். தந்தை கப்பலில் இருந்து கண்ட ஜொகூர், மகன் காலத்தில் சாலைகளும் அலுவலகங்களும் கொண்ட மாநிலமாக வளரத் தொடங்கியிருந்தது.

இன்று மெர்சிங்கிலிருந்து புறப்படும் விசைப்படகுகள் தீவுகளைச் சில மணி நேரத்துக்குள் அடைந்துவிடுகின்றன. கொள்ளையர் அச்சம் நீங்கிவிட்டது. வானிலை அறிக்கை கைப்பேசியிலேயே கிடைக்கிறது. எனினும், பயணத்துக்குப் பருவம் அறிதலும் உறுதியான கலமும் நம்பகமான துணையும் இன்றும் வேண்டும். அப்துல்லா இவற்றோடு மேலும் ஒன்றைக் கொண்டு சென்றார். கரையேறிய ஊர்களில் வாழும் மக்களை உற்று நோக்கி, அவர்கள் ஏன் அவ்வாறு வாழ்கின்றனர் என்று கேட்கும் மனமே அது. அதனால்தான், வணிகர்களின் சரக்குக்காகப் புறப்பட்ட அக்கப்பல்களின் பெயர்கள் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நினைவில் நிற்கின்றன.