பரங்கிப்பேட்டை போரில் முழங்கிய பேக்பைப்.. பரிசாக 50 பவுண்டு கொடுத்த தளபதி! யார் இந்த அயர் கூட்?

வந்தவாசி போர்னு பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்போம். 1760-ல் நடந்த அந்தப் போரில் பிரெஞ்சு தளபதி லாலியைத் தோற்கடித்தவர்தான் சர் அயர் கூட். அடுத்த ஆண்டே புதுச்சேரியும் அவரிடம் சரணடைந்தது. ஆனா இவரைப் பற்றி பாடப்புத்தகம் சொல்லாத கதை ஒண்ணு இருக்கு. அது பேக்பைப் கதை.

1726-ல் அயர்லாந்தில் ஒரு பாதிரியாருக்கு மகனாகப் பிறந்தவர் கூட். 1745-ல் ஸ்காட்லாந்தில் வெடித்த கிளர்ச்சியை அடக்கிய பிரிட்டிஷ் படையில் இளம் அதிகாரியாக இருந்தார். எதிர்த்து நின்றவர்கள் பேக்பைப் ஊதிக்கொண்டு போருக்கு வந்த மலைநாட்டுக்காரர்கள். அந்தக் கிளர்ச்சியில் ஜேம்ஸ் ரீட் என்ற பேக்பைப் கலைஞர் பிடிபட்டார். அவர் கையில் இருந்த வாத்தியமும் போர்க்கருவிதான் என்று சொல்லி, 1746-ல் யார்க் நகரில் அவரைத் தூக்கில் போட்டார்கள்.

அப்படி என்ன வாத்தியம் அது? தோல் பையில் காற்றை நிரப்பி, கையிடுக்கில் வைத்து அழுத்தி, குழல்கள் வழியா ஊதுவது. நம்ம ஊரில் சுருதிக்கு வைத்திருந்த துத்தியும் இதே வகைதான். மூச்சு வாங்க இடைவெளி விட்டாலும் சத்தம் நிற்காது. முட்டம் பாறைமேல் நின்னு கத்திப் பாருங்க, அலைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்கே சரியா கேட்காது. பீரங்கி முழக்கத்துக்கு நடுவே உத்தரவும் அப்படித்தான் காணாமல் போகும். பேக்பைப் மட்டும் அதையும் கிழித்துக்கொண்டு வரும்.

கூட்டுக்கு இதெல்லாம் பிடிக்கலை. காட்டுமிராண்டிக் காலத்து மிச்சம், படை ஒழுங்குக்கு உதவாதது என்பது அவர் எண்ணம்.

பரங்கிப்பேட்டையில் நடந்தது என்ன?

1780-ல் ஐதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தார். பொள்ளிலூரில் பெய்லியின் படையை அழித்தார். பதறிப்போன கம்பெனி, வங்காளத்திலிருந்து கூட்டை சென்னைக்கு அனுப்பியது. 1781 ஜூனில் கோட்டையாக மாற்றப்பட்டிருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கி, அவரும் தோற்றுத் திரும்பினார்.

ஜூலை 1-ம் தேதி பரங்கிப்பேட்டை அருகே ஐதர் வழிமறித்தார். கூட்டிடம் இருந்தது சுமார் 8,000 பேர், பெரும்பாலும் நம்ம ஊர் சிப்பாய்கள். ஐதரின் படை பல மடங்கு பெரியது. நேராக மோதினால் பிழைக்க முடியாது. அதனால் கடலோர மணல்மேடுகளின் மறைவில் படையை நகர்த்தி, பக்கவாட்டில் தாக்கினார். பல மணி நேரம் சண்டை.

அங்கே இருந்த ஒரே பிரிட்டிஷ் அரசுப் படைப்பிரிவு, ஸ்காட்லாந்து மலைநாட்டவரின் 73-வது ரெஜிமெண்ட். அதைத் திரட்டிய மெக்லியோட் பிரபு யார் தெரியுமா? 1745 கிளர்ச்சியில் கலந்துகொண்டு, மன்னிப்பு பெற்றவர்! அந்தப் பிரிவின் பேக்பைப்காரர் ஒருவர், குண்டு மழை வலுக்கும்போதெல்லாம் இன்னும் உரக்க ஊதினாராம். கேட்டு நெகிழ்ந்த கூட், வெள்ளிக்குழல் வாங்கித் தருவதாக அங்கேயே வாக்குக் கொடுத்தார். சொன்னபடி ரெஜிமெண்டுக்கு 50 பவுண்டும் கொடுத்தார். அன்றைக்கு அது பெரிய தொகை. அதே மணலில் நின்ற சிப்பாய்களுக்கு இப்படி ஒரு கதை மிஞ்சலை என்பதையும் சொல்லத்தான் வேணும்.

வெற்றி கூட்டுக்குத்தான். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1782 டிசம்பரில் ஐதர் இறந்தார். 1783 ஏப்ரலில் கூட் கடல்வழியாக சென்னை வந்தபோது பிரெஞ்சு கப்பல்கள் துரத்தின. தப்பிக் கரை சேர்ந்தவர், சில நாளிலேயே இறந்துபோனார். உடல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, ராக்போர்ன் கிராமத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

பேக்பைப் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. டெல்லியில் ஜனவரி 29 அன்று பாசறை திரும்பும் நிகழ்ச்சியை டிவியில் பார்த்திருந்தால், நம்ம ராணுவ வீரர்கள் அதை ஊதிக்கொண்டு நடப்பதைப் பார்த்திருப்பீங்க.