குடியரசின் முதல் தலைவர் பாபு ராஜேந்திர பிரசாத்

பீகாரில், அந்நாளையச் சாரண் மாவட்டத்து ஜீராதேயி என்னும் சிற்றூரில் 1884 ஆம் ஆண்டு டிசம்பர் 3 ஆம் நாள் ராஜேந்திர பிரசாத் பிறந்தார். தந்தையார் மகாதேவ சகாய் பாரசீகமும் வடமொழியும் கற்றவர். மகனின் கல்வியும் மௌல்வி ஒருவரிடம் பாரசீகத்திலேயே தொடங்கிற்று. பன்னிரண்டு வயதளவில் ராஜவம்சி தேவியாரை மணமுடித்து வைத்தனர். அக்காலத்து வழக்கம் அது. 1902 இல் கல்கத்தாப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதல்வராகத் தேறித் திங்கள் 30 ரூபாய் உதவித்தொகை பெற்றபோது, பீகாரின் பிள்ளை ஒருவன் தலைநகர் மாணவரையெல்லாம் முந்தினான் என்று அம்மாநிலமே மகிழ்ந்தது.

அவருடைய வாழ்வைத் திருப்பியிருக்கக் கூடிய அழைப்பு 1910 இல் வந்தது. கோபாலகிருஷ்ண கோகலே அவரைத் தம் இந்திய ஊழியர் சங்கத்தில் சேரும்படி வேண்டினார். நெஞ்சு அங்கேயே சென்றுவிட்டது. எனினும் குடும்பத்தைத் தாங்கி நின்ற தமையனார் மகேந்திர பிரசாதின் இசைவு வேண்டிக் கடிதம் எழுதினார். அதைப் படித்த தமையனார் கண்ணீர் வடித்தார். இளையவர் தம் விருப்பத்தை உள்ளடக்கிக்கொண்டு சட்டப் படிப்புக்குத் திரும்பினார். தாம் உறுதியாக விரும்பியதைப் பிறர்பொருட்டு விட்டுவிடும் இப்பண்பு பின்னாளில் நாட்டுக்கே பயன்படுவதாயிற்று.

1916 இல் பாட்னா உயர்நீதிமன்றம் அமைந்தபோது அவர் அங்கே பெயர்பெற்ற வழக்கறிஞர். அடுத்த ஆண்டு சம்பாரண் உழவரின் துயரைக் காண வந்த காந்தியடிகளை ராஜகுமார் சுக்லா நேரே ராஜேந்திர பாபுவின் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். பாபு பூரிக்குச் சென்றிருந்தார். வந்தவர் யாரென அறியாத பணியாளர்கள் அவரைக் கிணற்றில் நீர் இறைக்கவும் விடவில்லை. உள்ளிருந்த கழிப்பிடத்தைப் பயன்படுத்தவும் விடவில்லை. அவர் என்ன சாதியோ என்ற அச்சமே காரணம். அவ்வீட்டுத் தலைவரும் உணவில் சாதிக் கட்டுப்பாட்டை இம்மியும் தளர்த்தாதவராகவே அதுவரை வாழ்ந்திருந்தார்.

சம்பாரணில் அது உடைந்தது. நிலத்தின் இருபது பங்கில் மூன்று பங்கு அவுரி பயிரிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தால் நொந்த உழவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து வாக்குமூலம் தந்தனர். அவற்றை எழுதிக்கொண்ட வழக்கறிஞர்கள் தனித்தனிச் சமையற்காரர், தனித்தனிப் பணியாளர் என்று வந்து இறங்கியிருந்தனர். காந்தியடிகள் சிரித்தார். சில நாள்களில் சமையற்காரர்கள் ஊர் திரும்பினர். எல்லார்க்கும் ஒரே அடுக்களை ஆயிற்று. ராஜேந்திர பாபு பிற சாதியாருடன் அமர்ந்து உண்டார்; தம் துணியைத் தாமே துவைத்தார். 1918 இல் சட்டம் இயற்றப்பட்டு அவுரிக் கட்டாயம் ஒழிந்தது. 1920 இல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது பெருவருவாய் தந்த வழக்கறிஞர் தொழிலை விட்டார்.

1934 ஜனவரி 15 ஆம் நாள் பீகாரை நிலநடுக்கம் குலைத்தபோது அவர் நோயுற்ற கைதி. இரு நாளில் விடுதலையானவர் மூச்சிரைப்பு நோயோடு நிவாரணப் பணியில் இறங்கினார். அவர் பெயரை நம்பி நாடெங்கும் இருந்து பணம் வந்தது. அதன் கணக்கைக் காத்தவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, காந்தியடிகளுடன் வந்தோரின் செலவைக்கூட அந்நிதியில் எழுத மறுத்தவர் என்று அவரைப் பற்றிக் கூறுவர். அவ்வாண்டே பம்பாய்க் காங்கிரசுக்கு ராஜேந்திர பாபு தலைமை ஏற்றார். 1942 ஆகஸ்டு முதல் ஏறத்தாழ மூன்றாண்டு பாட்னாச் சிறையில் இருந்து தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1946 டிசம்பர் 11 ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையின் தலைவரானார். பல்வேறு கருத்தினர் மோதிய அச்சபையை அவர் பொறுமையோடு நடத்தியதை எல்லாக் கட்சியினரும் பாராட்டினர்.

1950 ஜனவரி 26 ஆம் நாள் குடியரசுத் தலைவர் பொறுப்பேற்றார். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் அப்பதவியில் இருந்தவர் அவர் ஒருவரே. திங்கள் 10,000 ரூபாய் ஊதியத்தை முழுமையாகப் பெறாமல், இறுதியில் நாலில் ஒரு பங்கையே ஏற்றார். எனினும் அவருடைய துறவைப் பொருளில் மட்டும் காண்பது போதாது.

இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா வந்தபோது அவர் கடுமையாக எதிர்த்தார். வயதுவந்தோர் வாக்குரிமையால் தேர்ந்தெடுக்கப்படாத இடைக்கால நாடாளுமன்றத்துக்கு மரபுச் சட்டத்தை மாற்றும் உரிமை இல்லை என்பது அவர் வாதம். 1951 செப்டம்பரில், இம்மசோதாவில் தம் சொந்த முடிவின்படியே நடக்க விரும்புவதாகப் பிரதமர் நேருவுக்கு எழுதினார். நேரு, அட்டர்னி ஜெனரல் சீதல்வாடையும் சென்னைச் சட்டமேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரையும் கலந்தார். அமைச்சரவையின் அறிவுரைக்குத் தலைவர் கட்டுப்பட்டவர் என்றே இருவரும் கூறினர். ராஜேந்திர பாபு அதற்கு மேல் போகவில்லை. பொதுத்தேர்தலுக்குப் பின், 1955 இல் திருமணச் சட்டமும் 1956 இல் வாரிசுரிமைச் சட்டமும் நிறைவேறியபோது கையொப்பமிட்டார். சமணரையும் உள்ளடக்கிய சட்டங்கள் அவை. நம் இல்லங்களில் மகளிர் பெற்றுள்ள சொத்துரிமை அவற்றின் வழி வந்ததே. பொருளளவில் அவர் கொண்ட கருத்து பிழைபட்டது என்றே இன்று சொல்ல வேண்டும். ஆயினும் பெரும்புகழும் உயர்பதவியும் கையில் இருக்க, தம் மனச்சான்று மறுத்ததை மக்கள் மன்றத்தின் முடிவுக்கு விட்டுக்கொடுத்தார். 1960 நவம்பரில் தலைவரின் அதிகார எல்லையைச் சட்ட அறிஞர் ஆராய வேண்டும் என்று இந்தியச் சட்டக் கழகத்தில் வெளிப்படையாகக் கேட்டார். அந்த ஐயம் அவரை விட்டு நீங்கவில்லை. ஆனால் ஐயத்தின் பேரில் எல்லையை அவர் ஒருநாளும் மீறவில்லை.

அதே ஆண்டு ஜனவரி 25 ஆம் நாள் இரவு, இளமையில் கணவரை இழந்து அவர் இல்லத்திலேயே வாழ்ந்த தமக்கையார் பகவதி தேவி காலமானார். மறுநாள் காலை அவர் குடியரசு நாள் அணிவகுப்பின் வணக்கத்தை ஏற்று, கடமை முடிந்த பின்னரே ஈமக்கடனுக்குத் திரும்பினார்.

பகவான் மகாவீரர் அவதரித்த தலம் எனப் பலர் கொள்ளும் வைசாலியை அடுத்த வாசுகுண்டத்தில், ஊரார் தலைமுறை தலைமுறையாக ஏர் பூட்டாமல் விட்டிருந்த ஒரு நிலம் உண்டு. ஏன் உழுவதில்லை என்று கேட்டால், பகவான் பிறந்த மண் என்று மட்டும் கூறுவர். 1956 ஏப்ரல் 23 ஆம் நாள் அந்நிலத்தில் நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டியவர் ராஜேந்திர பாபு. சமணர் அல்லாத அவருக்கு அது தம் பீகாரின் பழம்பெருமைக்குச் செய்த வழிபாடாகவும் இருந்திருக்கும். பிராகிருதமும் சமணமும் அகிம்சையும் ஆராயும் நிறுவனமும் அங்கே எழுந்தது.

1962 மே திங்களில் ஓய்வுபெற்று, பாட்னாவில் தாம் முன்னர்ச் சிறைப்பட்ட சதாகத் ஆசிரமத்துக்கே திரும்பினார். பாரத ரத்னா விருது அவ்வாண்டு அளிக்கப்பட்டது. செப்டம்பரில் ராஜவம்சி தேவியார் மறைந்தார். மாளிகை வாழ்வு கண்டவர் ஆசிரமத்துச் சிறு வீட்டில், வாழ்நாள் முழுதும் வருத்திய மூச்சிரைப்போடு எஞ்சிய நாள்களைக் கழித்து, 1963 பிப்ரவரி 28 ஆம் நாள் உயிர் நீத்தார்.