டாக்டர் யெல்லாப்பிரகட சுப்பாராவ்

ஜவ்வாது மலைமீதுள்ள ஜமுனாமரத்தூரில், ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வரும் கர்ப்பிணிப் பெண்களுக்குச் சிறு சிவப்பு மாத்திரைகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. இரும்புச் சத்துடன் போலிக் அமிலம் என்னும் பொருளும் அவற்றுள் அடங்கியுள்ளது. இரத்தம் ஊறுவதற்கென அவற்றை உட்கொள்ளும் மலைவாழ் அன்னையர் சுப்பாராவ் என்னும் பெயரைக் கேட்டிருத்தல் அரிது. அப்பொருளை ஆய்வுக்கூடத்திற் செய்து காட்டிய குழுவினர்க்குத் தலைமை பூண்டவர் அவரே. அன்னாரது வரலாற்றைச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

சுப்பாராவ் அவர்கள் 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள், அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மூன்றாம் முறையே தேறினார். சென்னை வைத்தியக் கலாசாலையிற் பயிலுங்கால், சுதேசப் பற்றினாற் கதராடை அணிந்தமை ஆங்கிலேயப் பேராசிரியருக்கு வெறுப்பை விளைத்தது. அதன் பயனாக எம். பி., பி. எஸ். பட்டம் கைகூடாது, அதனினும் தாழ்ந்த எல். எம். எஸ். பட்டமே கிடைத்தது. அவருடைய சகோதரர் ஸ்ப்ரூ என்னும் கொடிய குடல் நோயால் மாண்டார். உண்ட உணவின் சாரத்தைக் குடல் ஏற்காமையால் உடல் மெலிந்து இரத்தம் வற்றும் நோய் அது. அந்நாளில் அதற்குத் தக்க மருந்தில்லை.

1922-இல் பாஸ்டன் நகரை அடைந்த அவர், இரவில் ஆஸ்பத்திரியில் ஏவலாளாக உழைத்து, பகலில் ஹார்வர்டு சர்வகலாசாலையிற் கற்றார். அங்கே சைரஸ் பிஸ்க் என்னும் ஆசிரியருடன் கூடி, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையொன்றை 1925-இல் வெளியிட்டார். மாலிப்டேட் என்னும் உப்பையும் வேறொரு இரசாயனப் பொருளையும் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். அந்நிறத்தின் செறிவே பாஸ்பரஸின் அளவைக் காட்டும். இன்றும் அதற்கு பிஸ்க்-சுப்பாராவ் முறை என்றே பெயர். ஒரு கட்டுரையைப் பின்வந்த கட்டுரைகள் எத்துணை முறை சுட்டுகின்றன என்று எண்ணும் அட்டவணையை யூஜீன் கார்பீல்டு என்பார் 1964-இல் அமெரிக்காவில் வெளியிடத் தொடங்கினார். அக்கணக்கில் இக்கட்டுரை ஆயிரமாயிரம் முறை சுட்டப்பெற்று, உலகின் மிகப் புகழ்வாய்ந்த கட்டுரைகளுள் ஒன்றாயிற்று.

தசைக்கு ஆற்றல் அளிக்கும் பாஸ்போகிரியாட்டினை 1927-லும், உயிரணுக்களின் ஆற்றற் களஞ்சியமாகிய ஏ. டி. பி. என்பதனை 1929-லும் அவ்விருவரும் வெளியிட்டனர். ஆயினும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிலையான பதவி கிடைக்கவில்லை. 1940-இல் லெடர்லி என்னும் மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்து, அதன் ஆராய்ச்சித் தலைவரானார். 1945-இல் அவர்தம் குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாக அமைத்தனர். சிறிது காலத்திற்குள் டாம் ஸ்பீஸ் என்னும் வைத்தியர், அம்மருந்து ஸ்ப்ரூ நோயாளிகளுக்குப் பயன்படுதலை நிறுவினார். சகோதரரைக் கொன்ற நோய்க்கு மருந்து பிறந்தது. சகோதரர் தாம் இல்லை. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசான் 1947-இல் அதே ஆய்வுக்கூடத்தினின்றும் வெளிவந்தது.

போலிக் அமிலத்தைப் போன்ற உருவுடையதாய், ஆனால் அதன் தொழிலைத் தடுப்பதாய், அமினாப்டெரின் என்னும் பொருளையும் அவர்கள் ஆக்கினர். இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அதனைக் கொடுத்த பாஸ்டன் வைத்தியர் சிட்னி பார்பர், சிலரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948-இல் வெளியிட்டார். அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவின் பெயர் இல்லை. போலிக் அமிலக் கட்டுரையிலோ, அவர் பெயர் நீண்டதொரு வரிசையின் நடுவே மறைந்து நிற்கின்றது. ஆரியோமைசினின் புகழும் பெரும்பாலும் அதனைக் கண்டெடுத்த டக்கர் என்பாரையே சார்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், தமது 53-ஆம் வயதில், சுப்பாராவ் இவ்வுலகை நீத்தார்.

இங்கு நாம் ஒன்று சிந்திக்கற்பாலது. கார்பீல்டின் கணக்கு பொய்யன்று. பிறர் கையாளுதற்குரிய கருவியை எளிமையாக்கித் தந்தவரை அது நேர்மையாகவே கௌரவிக்கின்றது. ஆனால் அளவுகோலைச் செய்தவரைக் கண்ட அக்கணக்கு, நோய் தீர்த்தவரைக் காணத் தவறிற்று. நோய் நீங்கிய குழந்தை கட்டுரை எழுதுவதில்லை. மாத்திரை உண்ட தாய் எவரையும் மேற்கோள் காட்டுவதில்லை. கட்டுரைகளின் தொகையையும் அவை சுட்டப்படும் தொகையையும் கொண்டே ஆராய்ச்சியாளரை எடைபோட்டுப் பதவியளிக்கும் வழக்கம் மிகுந்துள்ள இந்நாளில், ஆராய்ச்சித் துறையிற் புக விரும்பும் நம் மாணவர் இதனை மறவாதிருப்பாராக. மூன்று முறை பரீட்சை எழுதியவர், தாழ்ந்த பட்டம் பெற்றவர், பதவி மறுக்கப்பட்டவர் எனச் சுப்பாராவைப் பற்றி ஏடுகள் கூறுவன பல. ஜமுனாமரத்தூர் மாத்திரையோ அவற்றுள் எதனையும் அறியாது; தன் வேலையை மட்டும் செய்துகொண்டிருக்கின்றது.