சேர் அல்ப் ராம்சே

இங்கிலாந்துக்கு உலகக் கிண்ணத்தை ஈட்டிக் கொடுத்த சேர் அல்ப் ராம்சே 1920ஆம் ஆண்டிலே, இலண்டனை அடுத்த டாகனத்தில், எளிய குடும்பமொன்றிற் பிறந்தார். சவுதாம்ப்டன், டொட்டன்ஹாம் கழகங்களிலே பின்காப்பு வீரராக விளங்கித் தம் நாட்டிற்காக 32 முறை ஆடினார். பின்னர் இப்ஸ்விச் கழகத்தின் முகாமையாளராகி, அச்சிறு கழகத்தை 1962இல் ஆங்கில லீக்கின் வெற்றி வீரராக்கினார். மறு ஆண்டு தேசிய அணி அவர் பொறுப்பில் வந்தது.

பேச்சிலே அவர் உலோபி. சொற்களை நிறுத்துப் பார்த்தே வெளியிடுவார். நிருபர்களை அவர் விரும்பியதில்லை; அவர்களும் அவ்வாறே.

1966 ஜூலை 20ஆந் திகதி பிரான்சுடன் நடந்த உலகக் கிண்ண ஆட்டத்திலே, இங்கிலாந்தின் நொபி ஸ்டைல்ஸ், சீமோன் என்ற பிரெஞ்சு வீரரை முரட்டுத்தனமாக வீழ்த்தினார். மத்தியஸ்தர் தண்டிக்கவில்லை, ஆயினும் கண்டனம் எழுந்தது. ஸ்டைல்ஸை நீக்கலாகாதா என்று உதைபந்தாட்டச் சங்கத்தாரே வினவினர். ராம்சே முதலில் ஸ்டைல்ஸிடம், வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். அவ்வளவே. ஸ்டைல்ஸ் விலக்கப்பட்டால் தாமும் விலகுவதாக ராம்சே சங்கத்தாருக்கு அறிவித்துவிட்டார். சீமோனைக் கேட்டிருந்தால் வேறு விடை வந்திருக்கக்கூடும்!

மூன்று நாட்களின் பின் ஆர்ஜென்டீனாவுடன் கால் இறுதியாட்டம். அவ்வணித் தலைவர் ரத்தீனை, மேற்கு ஜேர்மனியரான மத்தியஸ்தர் கிரைட்லைன் வெளியேறப் பணித்தார். ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று ரத்தீன் நெடுநேரம் நகர மறுத்தார். இங்கிலாந்து 1-0 என வென்றது. முடிவில் ஜோர்ஜ் கோகன் எதிரணி வீரரொருவருடன் சட்டை மாற்ற முனைய, ராம்சே விரைந்து சென்று தடுத்தார்.

அதன் பின்னரே தொலைக்காட்சிக் கேள்வி வந்தது. உதைபந்தாட வருவோருடன் மோதும்போதே தம் அணியின் சிறப்பு வெளிப்படும் என்று சொல்லத் தொடங்கியவர், எதிரணியினரை விலங்குகளோடு ஒப்பிட்டு முடித்தார். தம் வீரரைக் குற்றஞ்சாட்டியபோது, முதலில் அவரையே கேட்டறிந்தவர் ராம்சே. அந்தப் பொறுமையில் ஒரு துளியை ஆர்ஜென்டீனருக்கும் அளித்திருக்கலாம். சர்வதேசச் சம்மேளனம் கண்டிக்க, வருத்தம் தெரிவித்தார். தென்னமெரிக்கா அதை மறக்கவில்லை.

ஒரு வாரத்தின் பின், வெம்பிளியில் மேற்கு ஜேர்மனியை 4-2 என வென்ற இறுதியாட்டத்திலும் சர்ச்சை விளைந்தது. ஹேர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்திற் பட்டுக் கீழே விழுந்தது. கோட்டு மத்தியஸ்தர் பக்ராமொவ் கோல் என்றார். கோட்டை முழுமையாகத் தாண்டியதா என்னும் வாதம் நெடுங்காலம் நீடித்தது. ஆட்டம் முடிந்தபோது அருகிருந்தோர் துள்ளி எழ, ராம்சே மட்டும் ஆசனத்தை விட்டு அசையவில்லை.

1967இல் சேர் பட்டம் பெற்றார். 1973இல் போலந்துடன் சமநிலை கண்டு இங்கிலாந்து அடுத்த உலகக் கிண்ணத்தை இழக்க, மறு ஆண்டு பதவி நீக்கப்பட்டார். 1999 ஏப்ரல் 28ஆந் திகதி இப்ஸ்விச்சிலே காலமானார்.